புகைப்பெட்டியும் தும்புத்தடியும்

இனி என் வீட்டில் நான்தான் முதலாளி என்று ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வரும் வழியில் தீர்மானித்தேன். கேட்டைத் திறந்தபோது அதையே கொஞ்சம் மெதுவாகத் தீர்மானித்தேன். உள்ளே என் மனைவி றைஸா இருந்தாள்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்த வினை. றைஸாவின் தம்பி ஹஸ்மி கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தட்டுகளில் மீனை அடுக்கி, அடியில் மரத்தூளைப் போட்டு, பிளக்கைக் குத்தினால் கரண்டிலேயே புகை வரும். "கல்பிட்டி ஹோட்டலுக்கு வாற வெள்ளக்காரங்க இந்தப் புகை மீனுக்கு உசிரக் குடுப்பாங்க, ராத்தா. நீங்க செஞ்சு குடுங்க" என்று அக்காவிடம்தான் சொன்னான். ஒரு ஹோட்டல் மனேஜர் அடுத்த புதன்கிழமை ருசி பார்க்க வருவதாகவும் பேச்சு.

நான் குறுக்கே புகுந்தேன்.

"மெஷின் ஆம்புளைங்கட வேல. நீ மீன வெட்டிக் கழுவித் தா. பெட்டிக்கு நான் பொறுப்பு."

"அக்கீலாட வாப்பா, ஒங்களுக்குக் கரண்டெண்டாப் பயமே?" மகள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"ஆருக்குப் பயம்?"

எனக்குத்தான். உங்களிடம் மறைப்பானேன்? களப்புக் கடலில் காற்று வெறிபிடித்து அடிக்கும்போதும் உச்சமுனைத் தீவுக்கு வள்ளத்தில் போய் வருகிறவன் நான். ஆனால் வீட்டில் பல்பு மாற்ற றைஸாதான் கதிரையில் ஏறுவாள். நான் கதிரையைப் பிடிப்பேன். அதுவும் பிளாஸ்டிக் கதிரை என்றால் மட்டும்.

புதுச்சாமான் அல்லவா, அந்த வெள்ளிக்கிழமையே பிஸ்மில்லாஹ் சொல்லிப் பெட்டியை உள்ளும் புறமும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். கறிக்கு உப்புப் போட மறந்தாலும் நாக்குக்குத் தெரியாது. துடைத்து, பிளக்கைக் குத்தி, சுவிட்சைப் போட்டேன்.

டக்!

ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. என் மூச்சும் சற்று நின்றது. எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்ற வாசலருகே ஒரு ட்ரிப் சுவிட்ச் வைத்திருக்கிறோம். அது விழுந்திருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்ல. சுவிட்சப் போட்டேன்."

"போட்டா?"

"விழுந்திச்சி."

"ஆரு?"

"ட்ரிப் சுவிட்ச். நானும் கொஞ்சம்."

வேறு பிளக்கில் குத்தினேன். டக். ஃபிரிட்ஜ், ஃபேன், டீவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குத்தினேன். டக். எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச்தான் நோஞ்சான் என்று முடிவுகட்டி, பக்கத்து வீட்டு முத்தலிபு நானாவைக் கேட்காமலே அவர் ஜன்னல் வழியாக நீள வயரை விட்டுக் குத்தினேன். அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

டக்!

"அடேய்! கடைசி ஓவர்டா!"

"நானா, பழுது எங்கட வீட்டுல இல்ல எண்டு இப்ப விளங்கிட்டு."

"எங்கட வீட்டுலயும் இல்ல! ஒன்ட பெட்டியில!"

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. இரண்டு வீட்டுச் சுவிட்சுகள் ஒரே சாட்சி சொல்லிவிட்டன. கரண்ட் இந்தப் பெட்டியின் உடம்பிலேயே ஓடுகிறது. ட்ரிப் சுவிட்ச் ஒரே ஒருமுறை விழ மறந்தால் நான் மௌத்து. ஓயாமல் என் உயிரைக் காப்பாற்ற அது என்ன எனக்குச் சொந்தமா, பந்தமா? அன்று சோற்றை முற்றத்தில் வைத்தே தின்றேன். சமையலறைப் பக்கம் போகவே கால் கூசியது.

"வயரிங் செய்ற அருமைநாயகம் பாஸக் கூப்புடுவமா?" என்றாள் றைஸா.

"வேணாம்."

"ஹஸ்மிக்கு வட்ஸப்புல ஒரு வொய்ஸ் போட்டுக் கேக்கவா?"

"வேணவே வேணாம்! மெஷினுக்கு ஆரு பொறுப்பு?"

சனிக்கிழமை மஃரிபுத் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு கடைசி முயற்சி. காலில் இறால் பண்ணையில் இரவல் வாங்கிய ரப்பர் பூட்ஸ். கையில் சட்டி கழுவும் உறை. பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்றேன். சுவிட்சைத் தட்ட வள்ளத்துத் துடுப்பு. கலிமாவையும் சொல்லிக்கொண்டேன். சாயக் கூடாதே என்று இடது கையைப் பெட்டியில் ஊன்றி, துடுப்பால் தட்டினேன்.

டக்!

ஒரே இருட்டு. கதிரை நடுங்கியது. கதிரையை நடுக்கியது நான். கை பெட்டியிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. 'றைஸா' என்று கூப்பிட்டேன். 'ற்ற்ற்ற்' என்றுதான் வந்தது.

"யா அல்லாஹ்! இவரக் கரண்ட் புடிச்சிட்டு!"

அவள் வாசல் பக்கம் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் வீடு கூட்டும் தும்புத்தடி.

முதல் அடி மணிக்கட்டில். "கையால தொடப்படாது! காஞ்ச தடியாலதான் பிரிச்செடுக்கோணும்!" இரண்டாவது முதுகில். "ஸ்கூல்ல படிச்சுத் தந்திரிக்காங்க!" மூன்றாவது எங்கே விழுந்தது என்பதை இங்கே சொல்ல முடியாது. கதிரையோடு தரையில் கிடந்தேன். முத்தலிபு நானா டோர்ச்சுடன் ஓடிவந்து என் முகத்தில் வெளிச்சம் அடித்தார்.

றைஸா தேம்பினாள். "எங்கள அநாதையாக்கப் பாத்தீங்களே! இனி இந்தப் பெட்டியத் தொடுவீங்களா?"

"வல்லாஹி, மௌத்தாகும் வரைக்கும் என்ட கை இதுல படாது!"

"முத்தலிபு நானாக்குக் கேக்கல்ல. கொஞ்சம் சத்தமாச் செல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். கடைசி ஓவரை மறக்காத முத்தலிபு நானா, "ஆமீன்" என்றார்.

ஞாயிறும் திங்களும், றைஸா பின்தகட்டைக் கழற்றி வைத்த பெட்டி முற்றத்து வெயிலில் கருவாட்டுக்குப் பக்கத்தில் காய்ந்தது. செவ்வாய்க்கிழமை றைஸா பிளக்கைக் குத்தினாள். நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காதைப் பொத்திக்கொண்டேன். டக் இல்லை. புகை வந்தது. பின்னாலேயே அறுக்குளா மீன் வாசமும் வந்தது.

"எப்புடி?"

"நீங்க கழுவின உவர்த்தண்ணி, சூடாக்குற கம்பிக்குள்ள எறங்கிட்டாம். நல்ல தண்ணியால தொடச்சு வெயில்ல காய வெச்சாச் சரியாம். ஹஸ்மி வெள்ளிக்கிழமையே வொய்ஸ் போட்டான்."

"வெள்ளிக்கிழமையா? ஏன் எனக்கிட்டச் செல்லல்ல?"

"நீங்கதானே கேக்க வேணாமெண்டீங்க?"

புதன்கிழமை மனேஜர் வந்தார். ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டு கேட்டார். வாரத்துக்கு இருபது கிலோ ஓடர் என்றார். முதலாளி முகத்தை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து காட்டக் கையை நீட்டினேன்.

"வல்லாஹி" என்றாள் றைஸா, மெதுவாக.

கை தானாகத் திரும்பி வந்தது. பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஓடினேன். சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றார். வந்து றைஸாவிடம் சொன்னேன்.

"நல்ல காரியம். குடுங்க. ஆனா சமைக்க எனக்கு நேரமில்ல. ஓடர் கெடக்கு." கத்தியை நீட்டினாள். "பெட்டியிலதானே கை படாது? மீன்ல படலாம்."

இப்போது மீன் வெட்டிக் கழுவுவது நான்தான். வெட்டும்போதெல்லாம் மணிக்கட்டு வலிக்கும். நேற்று வலி தாங்காமல் கேட்டே விட்டேன்.

"புள்ள, அண்டைக்கு ட்ரிப் விழுந்து வீடே இருட்டு. கரண்டே இல்ல. பயத்துல ஒனக்கு அது விளங்கல்ல, என்ன?"

செதிள் பறந்து விழுந்த என் முகத்தை றைஸா பாசத்தோடு துடைத்துவிட்டாள்.

"விளங்காம நான் கிட்ட வருவேனா? ட்ரிப் விழுந்திரிக்கா எண்டு வாசலுக்குப் போய்ப் பாத்துட்டுத்தானே அடிச்சேன்."