சவேரியாரைத் திருப்பி அனுப்பியது நானல்ல

சாந்தோம், மயிலாப்பூர்
1948 டிசம்பர் 4, சனிக்கிழமை

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஆம்ப்ரோஸுக்கு,

உன் பெரியம்மா மர்சலின் ராஜநாயகம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். என் குரலும் சுகம். அது அளவுக்கு மீறிச் சுகமாயிருக்கிறது என்பதுதான் ஊரில் இப்போது புகார். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் பெங்களூர்க் குளிரில் கம்பளியில்லாமல் வெளியே போவதில்லை என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு தப்பைத் திருத்திவிடுகிறேன். குப்பத்துச் சவேரியாரைச் சப்பரத்தோடு நான் பாதி வழியில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக இந்நேரம் உன் அம்மா உனக்கு எழுதியிருப்பாள். ஆலிஸ் என் கூடப் பிறந்த தங்கைதான். ஆனாலும் என்னைப் பற்றி ஊரார் சொன்னால் நம்புவாள், நான் சொன்னால் யோசிப்பாள். நான் எந்த அர்ச்சிஷ்டவரையும் எங்கும் அனுப்பவில்லை. நான் என் இடத்தில் முழங்காலில் இருந்தேன். அனுப்பியது நீ கோவிலுக்குக் கொடுத்த ஒலிபெருக்கி. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்.

பெட்டியும் இரண்டு கொம்புகளும் போன வாரம் கைவண்டியில் வந்து சேர்ந்தன. யுத்தத்தில் மிஞ்சிய பட்டாளத்துச் சாமான் என்று நீ முன்பே எழுதியிருந்தாய். வைக்கோலைப் பிரித்ததும் உன் சீட்டு கிடைத்தது. "பெரியம்மா, இனிமேல் நீங்கள் தொண்டையை வருத்திக்கொள்ள வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் என் தொண்டை வருந்துவதாக யார் உன்னிடம் சொன்னார்கள்? கான்வென்டில் மதர் எங்களை மண்டபத்தின் கடைசிச் சுவரோரம் நிறுத்தி, கத்தாமல், ஒரு எழுத்தையும் விழுங்காமல், முன் வரிசையில் இருக்கும் தம் காதில் விழும்படி வாசிக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில்தான் உன் பெரியப்பா இருந்த காலத்திலிருந்து கோவிலில் செபமாலையும் பிரார்த்தனையும் நான் முன்சொல்லி வருகிறேன். வாசலில் செருப்பு விடுகிறவன்கூட செபமாலையில் எத்தனையாவது மணி போகிறது என்று தெரிந்துகொண்டுதான் உள்ளே வருவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உபதேசியார் ஹென்றி கொம்புகளைக் கடலைப் பார்த்து மணிக்கூண்டில் கட்டினார். ஏன் கடலைப் பார்த்து என்று கேட்டேன். "அம்மா, இந்தப் பக்கம் வக்கீல் வீடுங்க, அந்தப் பக்கம் டாக்டர் வீடுங்க. கடல் யாரு மேலயும் கேஸ் போடாது" என்றார். கடலுக்கும் நமக்கும் நடுவில் குப்பம் இருக்கிறது என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

குமிழை இடப்பக்கம் திருகினால் பெட்டி ஊமை. வலப்பக்கம் கொண்டு போனால் பாதி வரைக்கும் ஊமைதான். அங்கிருந்து ஒரு அரிசி அகலம் நகர்த்தினால் இடி. நடுவில் ஒன்றுமே கிடையாது. ஹென்றி சோதனைக்காக மைக்கின் முன் தொண்டையைத்தான் கனைத்தார்; கோவில் புறாக்கள் அத்தனையும் எழுந்து போய் அன்று முழுக்கத் திரும்பவில்லை. நான் அவரிடம் இது பழுது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். ராயப்பேட்டையிலிருந்து ரேடியோ ரிப்பேர் அன்வர் பாஷா வந்தார். பெட்டியைத் திறந்தார், உள்ளே ஊதினார், மூடினார்.

"பெரியம்மா, இது மிலிட்டரி மாலு. சோல்ஜரு என்னிக்காச்சும் மெதுவாப் பேசிக் கேட்டிருக்கீங்களா? அதான் சின்ன சத்தம் இதுல வைக்கவே இல்ல" என்றார்.

"அப்படியானால் குமிழ் எதற்கு?"

"அது ஆபீசருங்க தொட்டுப் பாக்கறதுக்கு."

டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். இதை ஏன் விவரமாக எழுதுகிறேன் என்றால், பழுது பெட்டியில் இருந்தது, அது எனக்கு முன்பே இருந்தது, நான் அதை முன்பே சொன்னேன் என்பதற்கு அவர் சாட்சி. நல்ல சாட்சி இல்லைதான்.

நேற்று அர்ச்சிஷ்ட சவேரியார் திருநாள். எங்கள் கோவிலில் மாதா நவநாள் நடக்கிறது. அதே சாயங்காலம் குப்பத்தில் சவேரியார் சப்பரம் சுற்றி வரும். அங்கே ஒரு வழக்கம் உண்டு, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சப்பரம் புறப்படும்போது செபமாலை தொடங்கும். செபமாலை முடிந்து, மாதாவின் பட்டங்களை அடுக்கிச் சொல்லும் பிரார்த்தனை தொடங்கியதும் சப்பரத்தைத் தூக்குகிறவர்கள் அந்த இடத்திலேயே திரும்பி, புறப்பட்ட குருசடிக்கே வர வேண்டும். அவர்களுக்கு முன்சொல்லுகிற பெரியவர் ஜனக்கூட்டத்தின் பின்னால் வருவார், குரலும் மெலிவு. ஆகவே தூக்குகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டேதான் நடப்பார்கள்.

எங்கள் கோவிலில் நான் செபமாலை முழுவதையும் பெட்டி ஊமையாயிருக்க, மைக்கை ஒரு மெழுகுவர்த்தித் தண்டாக எண்ணிக்கொண்டு, சொந்தத் தொண்டையாலேயே சொல்லி முடித்தேன். ஒரு குறையும் இல்லை. பிரார்த்தனைக்கு வாயைத் திறந்தேன். அந்த நொடியில் ஹென்றிக்கு இன்னொரு முறை முயன்று பார்ப்போமே என்று தோன்றியிருக்கிறது. குமிழைத் தொட்டார். ஆம்ப்ரோஸ், என் குரலை நானே அப்படிக் கேட்டதில்லை. கடற்காற்று எதிர்க்காற்று, அதையும் தள்ளிக்கொண்டு போனது. பீடத்துப் பூச்சாடிகள் நடுங்கின. நான் நிறுத்தினேனா? நிறுத்தவில்லை. பிரார்த்தனையை நடுவில் நிறுத்துவது மரியாதையல்ல. ஹென்றி குமிழைக் குறைக்கப் பார்த்து, அது கையோடு வராமல் வழுக்கி வழுக்கிச் சுற்ற, நான் கடைசி ஆமென் வரை ஒரு எழுத்தையும் விழுங்காமல் சொன்னேன்.

குப்பத்தில் சப்பரம் முதல் தெருவை முடித்து இரண்டாம் தெருவின் முனைக்கு வந்திருக்கிறது. பிரார்த்தனை கேட்டது. திரும்பிவிட்டார்கள்.

இன்று காலை நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தங்கபுஷ்பம் வந்தாள். எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவள். இரண்டாம் தெருவுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். இன்று கூடையில்லாமல் வந்தாள். இடுப்பில் கை.

"இன்னாம்மா இது நாயம்? எங்க தெருவே மாலையும் மெழுவத்தியுமா குந்திக்கினு இருந்துச்சு. சவேரியாரு முனை வரைக்கும் வந்தாரு, உன் கொரலக் கேட்டாரு, திரும்பிக்கினாரு. எங்க தெரு இன்னா, ஆகாத தெருவா?"

"இதோ பார் தங்கபுஷ்பம், நான் எங்கள் கோவிலில் எங்கள் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்."

"நீ மாதாகிட்டதான் சொன்ன. கேட்டது எங்க பசங்க."

"உங்கள் பெரியவர் குரலுக்கும் என் குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா அவர்களுக்கு?"

"ஏன் தெரியாது? இது பொம்பள கொரலாச்சேன்னு ஒருத்தன் கேட்டானாம். அதுக்கு இன்னொருத்தன், தப்பில்லாம சொல்லுது பாரு, இது மேலேர்ந்துதான் வருதுன்னுட்டானாம். சப்பரத்தைத் திருப்பிட்டானுங்க."

இதைக் கேட்டு நான் மகிழ்ந்து போய்ச் சிரித்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். சிரிக்கவில்லை. காப்பி புரையேறியது.

நாங்கள் பேசியது தெருவுக்கே கேட்டிருக்கிறது. சற்று நேரத்தில் பங்குச் சாமியார் ஆளனுப்பினார். போனேன். ஹென்றி எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டு, குமிழில் ஒரு கோளாறும் இல்லை, நான் மைக்குக்கு மிக அருகில் போனதுதான் காரணம் என்று சொல்லிவிட்டிருந்தார். சாமியார் நல்லவர், இளையவர், சண்டை என்றால் வியர்த்துவிடும். "மர்சலினம்மா, எட்டாந்தேதி பெரிய திருநாளுக்கு மட்டும் ஐரின் சொல்லட்டுமே. சின்னக் குரல். இந்தப் பெட்டிக்கு அதுதான் பொருந்தும்" என்றார்.

ஐரின் ஹென்றியின் மகள். நல்ல பெண். ஆனால் மாதாவின் பட்டங்களைச் சொல்லும்போது ஒவ்வொன்றிலும் கடைசிப் பாதியை விழுங்கிவிடுவாள். நாம் யாரை வேண்டிக்கொள்கிறோம் என்பது மாதாவுக்கே சந்தேகமாகிவிடும். என் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வந்த பெட்டி என் இடத்தையே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது என்பதை நீ கவனிக்க வேண்டும். என் கணவருக்குப் பிறகு இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு முழங்கால் இடம்தான். அதை ஒரு குமிழுக்காக நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. குமிழ் பெங்களூரிலிருந்து வரும்போதே பழுதாயிருந்தது, யார் பேசியிருந்தாலும் இதே கதிதான் என்று சாமியாருக்கு உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. நீ கம்பியில்லாத் தந்தி இலாகாவில் இருப்பவன். உன் பேச்சை ஹென்றி மறுக்க முடியாது. கூடவே, சத்தத்தை அளவாகக் கூட்டிக் குறைக்கிற புதுக் குமிழ் ஒன்றை எட்டாந்தேதிக்கு முன் ரயிலில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. முடியாவிட்டால் பெட்டியையும் கொம்புகளையும் திரும்ப எடுத்துக்கொள். நான் வருத்தப்பட மாட்டேன். என் குரல் அவை இல்லாமலே கேட்கும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் வீட்டின் மேல் தம் முக்காட்டை விரித்துக் காப்பாராக. இரவுச் செபத்தை ஓட்டமாகச் சொல்ல வேண்டாம் என்று மூத்தவனிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியம்மா,
மர்சலின் ராஜநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கபுஷ்பம் மறுபடி வந்தாள். இம்முறை கூடையோடு, பின்னால் சப்பரம் தூக்கும் நாலு ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் வியர்த்தபடி சாமியார். விஷயம் இதுதான். இரண்டாம் தெருவின் மனம் ஆறுவதற்காகச் சவேரியார் திருநாளின் எட்டாம் நாள், வருகிற வெள்ளிக்கிழமை, சப்பரத்தை மறுபடி எடுக்கிறார்கள். ஆனால் தூக்குகிறவர்கள் இனி அந்தப் பெரியவர் குரலை நம்பி நடக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "அந்தம்மா சொன்னாத்தான் தூக்குவோம், அந்தம்மா சொன்னாத்தான் திரும்புவோம்" என்பதே அவர்கள் பேச்சு. "நேத்து திருப்பி அனுப்பினவளே வந்து அழச்சிக்கினு போவட்டும்" என்கிறாள் தங்கபுஷ்பம். நான் கோவிலில் இருந்தபடியே அவர்களுக்குச் செபமாலை சொல்ல வேண்டுமாம். சாமியார், "குரல் அவ்வளவு தூரம் எட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். கோவிலில் இருக்கும் ஹென்றிக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்.

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. புதுக் குமிழ் அனுப்பாதே. அது வந்தால் ஹென்றி உடனே மாட்டிவிடுவார், சத்தம் குப்பம் வரை போகாது. சாமியாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். பழுது என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் யாரையாவது வைத்துச் சரிசெய்துவிடுவார். எட்டாந்தேதி ஐரினே சொல்லட்டும். கோவிலுக்குள் சின்னக் குரல் போதும். எனக்கு வெள்ளிக்கிழமை இரண்டு தெரு இருக்கிறது, தொண்டையை வருத்திக்கொள்ளக் கூடாது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். குமிழை இடியிலேயே வைத்து ஒரு முழுச் செபமாலையும் பிரார்த்தனையும் சொன்னால் பெட்டி தாங்குமா, தாங்காதா? யார் மூலமாகவும் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பாமல், வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்குக் கடிதமாகப் பதில் எழுது.