இரண்டாவது கட்டம்

தொட்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் சைக்கிள் இடித்தது.

"வெள்ளிக்கிழமை மகளும் பத்து நாள் குழந்தையும் வர்றாங்க," என்றாள் மனைவி. "இருக்கிறதே இந்த ஒரு அறை. தொட்டிலை எங்க வைக்கிறது, இந்தச் சீட்டு மேலயா?"

குமாஸ்தா உடற்பயிற்சி சைக்கிளைப் பார்த்தார். வாங்கிப் பன்னிரண்டு நாள். மிதித்தது இரண்டு நாள். மீதிப் பத்து நாளும் அதன் கைப்பிடியில் துண்டுகள் காய்ந்தன.

வாங்கியதற்குக் காரணம், சீட்டுக்கு அடியில் இருந்த ஓரம் கிழிந்த பச்சை ஸ்டிக்கர். 'முடியும்' என்று போட்டிருந்தது. சனிக்கிழமைதோறும் அவர் போகும் தன்னம்பிக்கை வகுப்பில் கொடுக்கிற அதே ஸ்டிக்கர். கடையில் அதைக் கண்டதும் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது எனக்கென்றே வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"பதினைஞ்சு நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னுதானே சொன்னாங்க? இன்னும் மூணு நாள் இருக்கு. போய்க் கொடுத்துட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை போனார். கவுன்ட்டர் பெண் சிரித்தபடி ஒரு ஃபாரத்தை நீட்டினாள். 'திருப்பித் தரும் காரணம்' என்பதற்குக் கீழே இரண்டே கட்டங்கள். முதலாவது: 'இயந்திரம் பழுது.' இரண்டாவது: 'என்னால் முடியாது.'

பேனா நின்றுவிட்டது. வகுப்பு வாத்தியார் சொன்னாரே என்பதற்காக, வீட்டு அகராதியில் 'முடியாது' இருந்த பக்கத்தையே கிழித்துப் போட்ட மனிதர் அவர். அந்தப் பக்கத்தோடு 'முட்டை'யும் போய்விட்டது என்று மனைவி இன்னும் புலம்புகிறாள்.

"பழுது ஒண்ணும் இல்ல," என்றார். "ஆனா ரெண்டாவதும் இல்ல."

"எனக்குத் தெரியும் சார். பாதியில விடறவங்க முகம் வேற மாதிரி இருக்கும். உங்களுக்கு எதிர்ல ஒரு கண்ணாடி இல்ல, அதான் குறை. நீங்க மிதிக்கிறத நீங்களே பார்க்கணும்."

சாயங்காலம் வேன் வந்தது. சைக்கிளை எடுக்கவில்லை. ஆளுயரக் கண்ணாடியை இறக்கியது. சுமை இறக்கிய பெரியவர் குமாஸ்தாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

"தொட்டிலுக்கு இடம் பண்ணச் சொன்னா, இருக்கிற சைக்கிளை ரெண்டாக் காட்டுறீங்க," என்றாள் மனைவி.

புதன்கிழமை கண்ணாடி, சைக்கிள் இரண்டையும் ஒழித்துக் கட்டும் உறுதியோடு போனார். அதே பெண், அதே ஃபாரம், அதே இரண்டு கட்டம்.

"சார், நேத்து நீங்க போனதும் எங்க மேனேஜர் கேட்டாரு, யாரு இவரு, இவ்வளவு உறுதியா இருக்காரேன்னு."

"அப்படியா கேட்டாரு?"

அன்று எடை தூக்கும் ஸ்டாண்டு வந்தது. அதற்குப் பிறகு அறைக்கதவு பாதிதான் திறந்தது. தொட்டில் சமையலறைக்குப் போய், அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றது.

மனைவி மறுநாளைக்குக் கட்டிக்கொள்ள நல்ல புடவையை எடுத்து வெளியே வைத்தாள். குமாஸ்தாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை, கடைசி நாள், அவளே கூட வந்தாள். ஃபாரத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"இவரால முடியாது, என்னால முடியாது, எங்க பரம்பரையிலயே யாராலயும் முடியாது. டிக் எங்க போடணும்?"

"வாங்கினவர்தான் போடணும்மா," என்றாள் கவுன்ட்டர் பெண். பிறகு குமாஸ்தாவிடம் குரலைத் தாழ்த்தி, "சார், நீங்களா இப்படி?" என்றாள்.

குமாஸ்தாவின் கை கட்டத்துக்கு மேலேயே நின்றது. அலுவலகத்தில் தினம் முப்பது மனுக்களில் 'இயலாது' என்று எழுதித் தள்ளுகிற கைதான் அது.

"குழந்தையை அடுப்படியிலயா படுக்க வைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி மெதுவாக.

அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார்.

சாயங்காலம் வேன் வந்தது. கண்ணாடி போயிற்று, ஸ்டாண்டு போயிற்று. சைக்கிளை வாசலுக்குத் தள்ளியதும் தொட்டில் ஜன்னலோரம் சுகமாகப் பொருந்தியது. குமாஸ்தா மட்டும் சுவரில் மாட்டியிருந்த வகுப்பு போட்டோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கிழமை வாத்தியார் முகத்துல எப்படி முழிப்பேன்?"

சைக்கிளைத் தோளில் ஏற்றிய பெரியவர் நின்றார். போட்டோவை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"நடுவுல நிக்கிறவர்தானே உங்க வாத்தியாரு? போன மாசம் இந்தச் சைக்கிளை அவரு வீட்டுலேர்ந்துதான் சார் தூக்கிட்டு வந்தேன், வாங்கின மறுநாளே ரெண்டாவது கட்டத்துல டிக் போட்டுட்டாரு."