அணைக்கட்டு அன்ரி

வெள்ளவத்தைக் கடல்கூட அணைக்கட்டு அன்ரியிடம் கேட்டுவிட்டுத்தான் பொங்கும். அப்படியொரு மனுஷி. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தொடர்மாடியில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் மூன்றாம் மாடி, நான் நேர் கீழே. இருவரும் ஒரே வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருந்தோம். அன்ரி வீட்டு பாத்ரூமுக்குத் தரை போட்ட மேசனுக்கு யார்மேல் கோபமோ, சரிவை வாசல் பக்கமாக வைத்துவிட்டான். அன்ரி குளித்தால் அவருடைய ஹோல் நனையும். உடுப்புத் தோய்த்தால் என் கட்டிலில் மழை பெய்யும்.

சுவரில் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரரின் சட்டம். அன்ரி சாக்குப் போட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. ஒருநாள் சீமெந்து குழைத்து, சோற்று அகப்பையாலேயே பூசி, பாத்ரூம் வாசலில் குறுக்காக ஒரு கட்டுக் கட்டிவிட்டார். என் கட்டில் காய்ந்தது. விஷயம் வீட்டுக்காரர் காதுக்குப் போனது.

"கட்டை உடையுங்கோ. இல்லாட்டி வீட்டை விடுங்கோ" என்று போனில் சொல்லிவிட்டார்.

தனி மனுஷிக்கு வெள்ளவத்தையில் வேறு வீடு கிடைப்பது லேசா? எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"அன்ரி, ஒருக்கா மன்னிப்புக் கேட்டுப் பாருங்கோவன்."

"நானோ? தரையைக் கோணலாப் போட்டவர் வந்து சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். புதுத் தோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். நான் படியில் நின்று பார்த்தேன். அன்ரி மறுபேச்சுப் பேசாமல் சுத்தியலை எடுத்துக் கட்டை உடைத்தார். பிறகு ஷவரை முழுசாகத் திறந்துவிட்டு, தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

தண்ணீர் வந்தது. வீட்டுக்காரர் இரண்டு காலையும் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, பைப்பைப் பூட்டுங்கோ!"

"முதல்ல குடியுங்கோ ஐயா, தேத்தண்ணி ஆறுது."

தண்ணீர் அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, செருப்பையும் கூட்டிக்கொண்டு படியால் இறங்கியது. ஒன்றை நான் பிடித்தேன். மற்றது கேற் வரை போனதாக வாச்சர் சொன்னார்.

"சரி, சரி, திரும்பக் கட்டுங்கோ!"

"நான் ஏன் கட்டவேணும்? நீங்கள் கட்டித் தாங்கோ."

அடுத்த நாளே மேசன் வந்து கட்டினான். அன்ரி கதிரை போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்ரி போன வருஷம் காலமாகிவிட்டார். அந்த வீட்டை நான்தான் கேட்டு எடுத்தேன். போன கிழமை வீட்டுக்காரர் வந்து, தரையைச் சரியாகப் போட்டுத் தருவதாகச் சொல்லி, இனி அந்தக் கட்டு எதற்கு என்று கேட்டார்.

"தரையைப் போடுங்கோ. அந்தக் கட்டைத் தொட விடமாட்டன்."

"தண்ணிதான் வராதே, தம்பி?"

"அன்ரி வந்து கேட்டா நீங்களோ பதில் சொல்லுவியள்?"

அவர் திரும்பித் தன் செருப்பைப் பார்த்தார். அதை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

தினமும் காலையில் பாத்ரூம் வாசலில் அந்தக் கட்டு என் காலை இடிக்கிறது. விரல் நோகத்தான் நோகிறது. இருக்கட்டும், அன்ரி இல்லாத வீட்டில் என்னை அதட்ட அதுவாவது வேண்டும்.