செத்த காலேஜில் பெண் பார்த்த படலம்

வந்தது நாலு புர்கா. நாலும் கறுப்பு, நாலும் ஏறக்குறைய ஒரே உயரம். இதில் அன்வரி பேகம் எது என்று தெரியாமல், ஊரார் செத்த காலேஜ் என்று சொல்லும் எழும்பூர் மியூசியத்தில், நடராஜர் சிலை இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஷரீஃப் விழித்துக்கொண்டு நின்றான்.

கச்சேரி ரோட்டில் அப்பாவோடு கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன் அவன். ராயப்பேட்டை அத்தர் வியாபாரி ஹபீபுர் ரஹ்மானின் மகள் அன்வரியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் அவன் சம்மதம் சொல்ல வேண்டும். பெண்ணின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"நிக்காஹ் ஆனா ஆயுசு பூரா அந்த மூஞ்சியத்தானே பாக்கப் போறே. இப்ப என்னா அவசரம்?" என்று அம்மா அஸ்மத்துன்னிசா பேச்சை முடித்துவிட்டாள்.

ஷரீஃபுக்கு அது நியாயமாகப் படவில்லை. பழைய கடிகாரத்தைக்கூட மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்காதவன் அவன். இந்தச் சமயம் பார்த்து அவனுடைய சிநேகிதன் கங்காதரன் துப்புக் கொண்டுவந்தான். டிராம் கண்டக்டரான அவன் காதுக்கு வராத சங்கதி ஊரில் கிடையாது.

"அந்த வூட்டுப் பொம்பளைங்க ஞாயித்துக்கெழம எழும்பூர் செத்த காலேஜுக்குப் போறாங்களாம் மச்சி. சிலை பாக்க வந்தவங்க மொகத் தெரயத் தூக்காமலா பாப்பாங்க? நீயும் போய் நில்லு."

வந்து நின்றாகிவிட்டது. ஆனால் திரை மட்டும் ஓர் அங்குலம்கூட உயரவில்லை.

"இன்னா நைனா, ஒரே சாமியண்ட ரொம்ப நேரமா நின்னுகினு கீறே?" என்றான் காவலாள் தங்கவேல்.

"படம்... படம் வரைய வந்தேன் அண்ணே."

"பேப்பரக் காணோமே?"

"மறந்துட்டேன்."

தங்கவேல் நல்ல மனுஷன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலையும் பழைய நோட்டீஸ் ஒன்றையும் எடுத்துக் கொடுத்து, வரைவதைப் பார்க்கப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். வேறு வழியில்லாமல் ஷரீஃப் வரைந்தான். சுற்றியிருந்த திருவாசி வட்டம் அச்சாக வந்தது. உள்ளே இருந்த கைகால்களெல்லாம் பெரிய முள்ளும் சின்ன முள்ளுமாக வந்தன.

காகிதமும் பென்சிலுமாக ஓர் ஆளைப் பார்த்ததும் மூத்த புர்கா நேராக அவனிடம் வந்தது.

"தம்பிக்கு இங்கதான் உத்தியோகமா?"

இல்லை என்றால், பின்னே எதற்கு இங்கே நிற்கிறாய் என்ற கேள்வி வரும். தலையை ஆட்டிவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்த தங்கவேலைக் கண்ணாலேயே கெஞ்சினான். தங்கவேல் வாயை மூடிக்கொண்டான்.

"அப்ப கொஞ்சம் வெவரம் சொல்லுங்க. இவரு ஏன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு?"

"ஆடுறாரும்மா."

"எத்தன நாளா?"

"எண்ணூறு வருசமா."

பின்னாலிருந்த புர்கா ஒன்றிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "பலகையில ஆயிரம் வருசம்னு எழுதியிருக்கே."

"நடுவுல எரநூறு வருசம் மண்ணுக்குள்ள ஓய்வெடுத்தாருங்க."

புர்காவுக்குள் சிரிப்புக் கேட்டது. அது அன்வரியா, வேறு யாராவதா, தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு ஷரீஃபுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் தப்பிக்க முடியவில்லை. அறை அறையாக அழைத்துப் போனான், அறைக்கு அறை புளுகினான். அந்த மெல்லிய குரல் ஒவ்வொரு பலகையையும் படித்து அவனைத் திருத்திக்கொண்டே வந்தது. மற்றவர்கள் 'காலா' என்று கூப்பிட்டதிலிருந்து, மூத்தவள்தான் அம்மா சொல்லியிருந்த பெண்ணின் பெரியம்மா ஜைதூன் பீ என்று புரிந்தது. அவள் முதலில் தன் குடையை அவன் கையில் கொடுத்தாள். அடுத்து டிஃபன் கேரியரைக் கொடுத்தாள். மத்தியானம் தோட்டத்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "தண்ணி கெடைக்குமா தம்பி?" என்றாள்.

தங்கவேலிடம் கூஜாவில் தண்ணீர் வாங்கிக்கொண்டு கட்டட மூலை திரும்பிய ஷரீஃப் அப்படியே நின்றான். சாப்பிடுவதற்காக நாலு பேரும் திரையைத் தூக்கியிருந்தார்கள். நாலு பேரும் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மெதுவாகத் திரும்பத் தொடங்கினாள்.

இதற்காகத்தான் வந்தான். காலையிலிருந்து அத்தனை பொய்யும் இதற்காகத்தான். ஆனால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறவர்களைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது, பூட்டாத வீட்டில் நுழைவது போல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தண்ணி இங்க வெச்சிருக்கேன்மா. நீங்க நிம்மதியா சாப்புடுங்க. யாரும் வராம நான் பாத்துக்கிறேன்."

சொன்னபடியே உச்சி வெயிலில் நின்றான். மரத்தடிக்கு வரப் பார்த்த ஒரு கூட்டத்தை, அங்கே எறும்புத் தொல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். கடைசிப் புளுகு அது.

சாப்பாடு முடிந்ததும் ஜட்கா வண்டி பிடித்துவந்து, தள்ளிப்போய் நின்றுகொண்டான். தங்கவேல்தான் கேரியரை வண்டியில் ஏற்றிக் கொடுத்தான். வண்டி போன பிறகு ஷரீஃப் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் அவனிடம் கொட்டிவிட்டான்.

"வந்த காரியம் பாழு அண்ணே. கடைசில ஒரு மூஞ்சியும் பாக்கல. வெள்ளிக்கெழம நான் என்னான்னு பதில் சொல்றது?"

தங்கவேல் சாவகாசமாக வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"பதிலு உன்னாண்ட இல்ல நைனா. பலகை படிச்சிகினே வந்துச்சே ஒரு பொண்ணு, அது வண்டில ஏறும்போது பெரியம்மா காதாண்ட சொல்லிச்சு, 'காலா, போன ஞாயித்துக்கெழம இதே சாமி பின்னால நின்ன மாப்பிள்ளைய விட இவரு எவ்வளவோ தேவல'ன்னு."