புதினாவுக்கு எத்தனை டிகிரி

அன்று காலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இந்த வீட்டில் பொய்க்கு இடமில்லை. முதல் வேலையாகப் புதினாவை வெளியே தள்ளுவது.

புதினாவோடு எனக்கென்ன பகை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். குளிர்தான் என் பிழைப்பு. கடைத்தெருவில் எந்தக் குளிர்பெட்டி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் நின்றாலே பாதிப் பெட்டிகள் பயந்து ஓட ஆரம்பித்துவிடும். வீட்டில் மட்டும் ஃபேனை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்பதற்கே மனைவியின் உத்தரவு வேண்டும்.

அவளுக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து உள்ளங்கால் எரிகிறது என்பாள். எரிச்சலுக்குக் குளிர் வேண்டும், குளிருக்கு நான் இருக்கிறேன். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிரித்து, கம்ப்ரெஸரும் செப்புக்குழாயும் பொருத்தி, கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை செய்தேன். அவளுக்காக நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கால் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"வெறைச்சுப் போச்சு. எடுங்க."

"குளிருதுல்ல?"

"குளிருது. எரிச்சலும் அப்படியே இருக்கு. சத்தம் வேற, லாரி வீட்டுக்குள்ள வந்து நின்ன மாதிரி."

மறுநாள் எதிர்வீட்டுத் தையலக்கா வந்தார். துணி தைப்பவர், குளிரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஒரு சின்னச் சீசாவில் புதினா எண்ணெய் கொண்டுவந்து இரண்டு சொட்டு தடவினார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா, குளுகுளுன்னு இருக்குக்கா" என்றாள். என் பலகை கட்டிலுக்கு அடியில் போனது. அதன்மேல் அவள் செருப்பு ஏறியது.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு யாரும் எண்ணெய் தடவவில்லை.

ஆகவே சோதனை. தொழிலுக்கு வைத்திருக்கும் கம்பி வைத்த தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தேன். வலது காலில் வெறும் எண்ணெய், இடது காலில் புதினா எண்ணெய்.

"எந்தக் கால் குளிருது?"

"இடது."

"சத்தியமா?"

"கால் என்னது. நான் சொல்றேன்."

கம்பியை வைத்தேன். வலது கால் முப்பத்தொன்று. இடது கால் முப்பத்தொன்று. மாற்றி மாற்றி வைத்தேன். புள்ளிக்கு அப்புறம் வருகிற எண்கூட அசையவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஜெயித்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"பாத்தியா? சூடு துளிகூடக் குறையல. குளிர்ற மாதிரி தோணுது, அவ்வளவுதான். உன் தோலை அது ஏமாத்துது."

"ஏமாத்திட்டுப் போகட்டும். நல்லா இருக்கே."

"பொய் பொய்தான். இனிமே இந்த வீட்டுல அளந்து பாத்தது மட்டும்தான் பேச்சு."

அவள் காலிலிருந்த கம்பியை எடுத்து என்னிடம் நீட்டி, "சரி. அப்போ டாக்டர் சொன்னதையும் அளந்தபடியே சொல்லுங்க" என்றாள்.

நான் கம்பியை வாங்கிச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"அதான் சொன்னேனே. மருந்து நல்லா வேலை செஞ்சிடுச்சு, இனிமே ஏத்த வேண்டாம்னு..."

"ஏத்த வேண்டாம்னுதான் சொன்னாரு. வேலை செஞ்சிடுச்சுன்னு சொல்லல."

"உனக்கு யார் சொன்னா?"

"டாக்டர்தான். நீங்க மருந்துக்கடை வரிசையில நின்னப்பவே என்கிட்ட சொல்லிட்டாரு. நான்தான் அவரைக் கேட்டுக்கிட்டேன். வீட்டுக்காரர்கிட்ட நீங்களே மெதுவா சொல்லுங்க, எனக்குத் தெரியாதுன்னும் சொல்லிடுங்கன்னு."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"உங்களைத் தெரியாதா எனக்கு? சும்மா விட்டா அழுதுக்கிட்டே உக்காந்திருப்பீங்க. மறைக்கிற வேலை ஒண்ணைக் கொடுத்தா அதுலயே மும்முரமா இருப்பீங்க. இருந்தீங்கல்ல?"

இருந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தெருக்கதவுக்கு வெளியே நின்று சிரிப்பைச் சரி செய்துகொண்டுதான் உள்ளே வருவேன். அதைச் சொன்னதும் அவள் தலையாட்டினாள்.

"ஜன்னல் வழியாத் தெரியும். ஒருநாள் ரொம்ப நேரம் சிரிப்பு சரியா வரல. மழை வேற பெய்ஞ்சது. நானே வந்து கதவைத் திறந்துடலாமான்னு பாத்தேன்."

"இவ்வளவு தெரிஞ்சும் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினியே."

"நீங்க 'சரியாயிடும்'னு சொல்லும்போது கேக்க இதமா இருந்துச்சு. சூடு குறையலதான். அதுக்காக நிறுத்திடாதீங்க."

ஒரு முகத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் இல்லாத வீட்டில் ஃபேனை எத்தனையில் வைப்பது என்று யாரைக் கேட்பேன் என்றேன். இரண்டில் வையுங்கள், மூன்றில் வைத்தால் உங்களுக்குச் சளி பிடிக்கும் என்றாள். அதற்கும் அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத் தையலக்கா உள்ளே வந்தார், கையில் புதுச் சீசாவோடு.

"என்ன தம்பி, கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "புதினா எண்ணெய்க்கா. மெஷினை வச்சு சோதனை பண்றேன்னு கண்ணுல தேச்சுக்கிட்டாரு."

"அப்படியா? சோதனையில என்ன தெரிஞ்சுது? நெஜமாவே குளிர்ச்சிதானா?"

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து டிகிரியில் நான் பொய் சொன்னதில்லை. எந்த முதலாளிக்காகவும் சொன்னதில்லை. புதுச் சீசாவை வாங்கி, இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, அவளுடைய இடது காலை மடிமீது வைத்துக்கொண்டேன்.

"குளிர்ச்சிதான்க்கா. முழுசா ரெண்டு டிகிரி குறையுது."

"மூணு" என்றாள் என் மனைவி. "சரியாப் பாத்துச் சொல்லுங்க."