இலவசமாக ரத்து செய்யக்கூடிய தேனிலவு

முதலில் அவருடைய இடது கைக் கட்டைவிரலைப் பாருங்கள். வலது கையில் இருக்கும் கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவழியில் நின்றுபோய், அதிலிருந்த சூப் ஆறி ஆடை கட்டிக்கொண்டிருக்க, இந்த இடது கட்டைவிரல் மட்டும் கைப்பேசியின் கண்ணாடியைக் கீழிருந்து மேலாகத் தள்ளுகிறது, தள்ளுகிறது, தள்ளிக்கொண்டே இருக்கிறது. கண் இமைக்கவில்லை. மூச்சு சீராக இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆள் ஹோட்டல் பார்க்கிறார்.

இந்த இனத்துக்கு அகராதியில் இன்னும் பெயர் ஏறவில்லை. நான் வைத்திருக்கும் பெயர் 'இன்னும்ஒண்ணு'. காக்கைக்குக் கா எப்படியோ, இதற்கு 'இன்னும் ஒண்ணு பாத்துட்டு முடிச்சிடலாம்' என்ற கூவல். எல்லா வீடுகளிலும் உண்டு. குளிர்பெட்டி வாங்கும்போது கூவும், பல் டாக்டரைத் தேடும்போது கூவும், ஒரு ஜோடிச் செருப்புக்குக்கூடக் கூவும். ஆனால் அதன் முழு அழகையும் காண வேண்டுமானால் அதற்குக் கல்யாணம் செய்து வைத்து, 'தேனிலவுக்கு ஐரோப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஒரு பெரியவரைக் கவனிக்கப் போயிருந்தேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர் விழுந்தது மகளுடைய கல்யாணம் முடிந்த அடுத்த வாரம். மகள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் புருஷனோடு இங்கேயே வந்துவிட்டாள். அந்தப் புருஷன்தான் நம் கட்டைவிரல்காரர். எல்லோரும் 'மாப்பிள்ளை' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. குழாய் வெடித்தது, கார் இடித்தது என்று பணம் கேட்டு வருகிறவர்களின் கதை மெய்யா பொய்யா என்று துருவுவது. நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்து சம்பளமில்லாமல் சந்தேகப்படுவார். வெனிஸில் ஒரு விடுதி, 'அமைதியான தெரு, அமைதியான அறை' என்று போட்டிருக்கிறதா? "அமைதின்னா ஏன் ரெண்டு தடவை எழுதியிருக்கான்? ஏதோ சத்தம் இருக்கு" என்பார்.

இந்த இனம் நல்ல விமர்சனங்களைப் படிப்பதில்லை. ஆயிரம் பேர் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தாலும், ஆயிரத்தோராவதாக எவனோ ஒருவன் வயிற்றெரிச்சலில் எழுதியதைத் தேடிப் பிடித்து, அவனைச் சொந்த ஒன்றுவிட்ட அண்ணனைப் போல நம்பும்.

"தலையணை கல்லு மாதிரி இருக்காம்."

"யாரு சொன்னா?" என்பாள் மகள்.

"ஒருத்தர் எழுதியிருக்காரு."

"யாருங்க அவரு?"

"தெரியாது. ஆனா ரொம்ப விவரமான ஆளு. துண்டு சொரசொரன்னு இருக்குன்னுகூட கவனிச்சிருக்காரு."

தலையணை முடிந்தால் லிஃப்ட். லிஃப்ட் முடிந்தால் வெந்நீர். வெந்நீர் முடிந்தால் காலைச் சிற்றுண்டியின் புகைப்படங்கள். அதில் ரொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வெண்ணெய் கட்டியா களிம்பா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் திரை முழுக்க ஒரு மஞ்சள் மங்கல் மட்டும் மிஞ்சும். அதையும் உற்றுப் பார்ப்பார். பிறகு தெருவுக்கு இறங்குவார். ஆமாம், இருந்த இடத்திலிருந்தே. கைப்பேசி வரைபடத்தில் விரலால் நடந்துகொண்டே போவார்.

"மாமா, பிளாரன்ஸ்ல அந்த ஹோட்டலுக்கு ஸ்டேஷன்லேர்ந்து நான் நடந்தே போயிட்டேன். வழியில ஒரு மருந்துக்கடை, ஒரு மரம், அப்புறம் சின்ன ஏத்தம். பெட்டி இழுத்தா மூச்சு வாங்கும்."

"உக்காந்துக்கிட்டே மூச்சு வாங்குதா மாப்ள?" என்று பெரியவர் கட்டிலிலிருந்து கேட்டார். "நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருத்தராவது சீட்டைப் பத்தி விசாரிச்சிட்டு ஏறினதில்ல. ஏறினாங்க. இறங்கினாங்க. அவ்ளோதான்."

"அது பஸ்ஸு மாமா. இது தேனிலவு. வாழ்க்கையில ஒரு தடவைதான்."

"ஒரு தடவையாவது நடக்கணுமேன்னுதான் சொல்றேன்."

முதல் சில மாதம் பயணம் தள்ளிப்போனதற்குப் பெரியவரின் இடுப்பு காரணமாக இருந்தது. நியாயமான காரணம், நானே ஒப்புக்கொண்டேன். ஆனால் எலும்பு கூடியது. முதலில் கட்டிலோரம் உட்கார்ந்தார், பிறகு சக்கரமில்லாத நடைச்சட்டத்தைப் பிடித்துக் கூடத்தைச் சுற்றினார், பிறகு என் தோளைத் தொடாமலே வாசல்வரை போனார். அவர் எழுந்து நடந்தார். தேனிலவுதான் படுத்துவிட்டது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த இனத்துக்கென்றே தமிழ் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்தது போல ஒரு சொல் இருக்கிறது: பார்க்கலாம். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை அவளிடம், "கல்யாணம் முடிஞ்சதும் ஐரோப்பா பார்க்கலாம்" என்றாராம். அவள், இரண்டு கண்ணாலும் போய்ப் பார்க்கப் போகிறோம் என்று எடுத்துக்கொண்டாள். பார்வை சோதிக்கிறவள் அல்லவா, அவளுக்கு அதுதான் தோன்றும். அவரோ, கடன் கேட்டு வந்தவனிடம் சொல்வோமே, அந்தப் 'பார்க்கலாம்' சொல்லியிருக்கிறார். இலக்கணப்படி யார்மேலும் குற்றமில்லை. ஒரே எழுத்து, ஒரே ஓசை. இத்தனை மாதம் கணவனும் மனைவியும் ஒரே சொல்லுக்குள் ஆளுக்கொரு அறையில் தங்கியிருந்தார்கள்.

முன்பதிவே செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். செய்வார், கணக்கில்லாமல் செய்வார். இந்த இனத்துக்கு உயிரைவிடப் பெரிய வாசகம் ஒன்று உண்டு: 'இலவசமாக ரத்து செய்யலாம்'. அதைக் கண்டால் முகத்தில் என்ன நிம்மதி! பாரிஸில் மூன்று விடுதி, வியன்னாவில் இரண்டு, பிராகில் ஒன்று, அது சரியில்லையென்றால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று. காலையில் பதிவு, சாயங்காலம் ரத்து. அந்த ஊர்களில் எத்தனை வரவேற்பாளர்கள் இவர் பெயரை ஏற்றி ஏற்றி அழித்தார்களோ, பாவம். கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பார். நுழைவதற்கல்ல. வெளியே போவதற்கு.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? மகளுடைய விடுப்பு. கடையில் அவளோடு பார்வை சோதிப்பவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவள் பிரசவத்துக்குப் போய்விட்டால் இவள் ஒருத்திதான். முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இப்பப் போனா போ. அப்புறம் என்னைக் கேக்காத." அதனால் மகள் தானே விசா அலுவலகத்தில் இரண்டு பேருக்கும் நாள் வாங்கினாள். எந்த இரவு எந்தக் கூரைக்குக் கீழே என்று அங்கே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த நாள் போச்சு. நாள் போனால் விடுப்பு போச்சு. விடுப்புப் போனால் என்ன போகும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அவள் கணவனிடம் ஊர்ப் பெயர் எதையும் பேசுவதை நிறுத்தியிருந்தாள். நோயாளி வலிக்கிறது என்று கத்தும்போது நான் பயப்படுவதில்லை. கத்துவதை நிறுத்தினால்தான் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

விசா அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். பெரியவரின் கணுக்கால் வீக்கத்தை நான் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"எல்லாம் பிரிண்ட் எடுத்தாச்சா?"

மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. "ஒரு சின்ன மாத்தம்."

"என்ன மாத்தம்?"

"வெனிஸ்ல கால்வாய் பக்கம் ஜன்னல் வெச்ச ரூம் ஒண்ணு கிடைச்சுது. அதுக்கு ஒரு நாள் முன்னாடி போகணும். அதனால பிளாரன்ஸ் ஒரு நாள் நகரணும். பிளாரன்ஸ் நகர்ந்தா வியன்னா. வியன்னா நகர்ந்தா..."

"நகர்ந்தா?"

"எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டுப் புதுசா போட்டுடலாம்னு..."

"போட்டாச்சா?"

"கால்வாய் ரூம்ல 'ஒரே ஒரு அறைதான் மிச்சம்'னு சிவப்புல போட்டிருந்தான். அது சும்மா பயமுறுத்தறதுக்குப் போடறது, எல்லாருக்கும் தெரியும். அதுக்குள்ள அதைப் பத்தி ஒருத்தர் எழுதினதைப் படிச்சிட்டு வரலாம்னு..."

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"பழசு?"

"அதுவும்."

பெரியவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், என் இடுப்பெலும்பே ஒட்டிடுச்சு. இதுதான் ஒட்டமாட்டேங்குது" என்றார்.

"நாளைக்கு வேற நாள் கேட்டுப் பார்க்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "போறோம்னு சொல்லுங்க. இல்ல போகலன்னு சொல்லுங்க. பார்க்கலாம் மட்டும் வேண்டாம்."

கைப்பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து, எதையோ திறந்து, அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"ஒரே ஊரு. வெனிஸ். லீவு முழுக்க அங்கதான். மத்த ஊரெல்லாம் அது அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். இந்த ரூம் நான் பார்த்து வெச்சது. அழுத்துங்க."

மாப்பிள்ளை குனிந்தார். "இதுக்கு நாலே நாலு விமர்சனம்தான் இருக்கு."

"அஞ்சாவது நாம போய் எழுதலாம்."

"ரத்து செய்ய முடியாதுன்னு போட்டிருக்கே!"

"மாப்ள, கல்யாணத்துலயும் அப்படித்தான் போட்டிருந்துது" என்றார் பெரியவர்.

"அப்பா, அதை அவர் இன்னும் படிச்சிக்கிட்டு இருக்காரு."

அடி சரியான இடத்தில் விழுந்தது. மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் திரையைவிட்டு இவ்வளவு நேரம் கண்ணை எடுத்து நான் கண்டதில்லை. அவர் என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. எதையோ பிந்திப் புரிந்துகொண்ட முகம் அது. பிறகு கட்டைவிரலை நீட்டினார். அது கண்ணாடிக்கு ஒரு நூல் மேலே நின்றது. முதன்முதலாக ஊசி போடப் பழகும் பெண்களின் கை இப்படித்தான் தோலுக்கு மேலே நின்றுவிடும். அவர்களிடம் நான் ஒன்றும் பேசமாட்டேன், இவரிடமும் பேசவில்லை.

அழுத்தினார்.

கூரை இடியவில்லை. மின்சாரம் போகவில்லை. "முடிஞ்சுது" என்றார் மாப்பிள்ளை, பெரிய அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தவர் போல. மகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

மறுநாள் காலை இரண்டு பேரும் புறப்பட்டார்கள். மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தார். ஷூ மாட்டும் நேரத்தில் விசா அலுவலகத்தைப் பற்றிய விமர்சனங்களைப் படித்து, "ரெண்டு நட்சத்திரம்தான், வரிசையில நிக்க வெப்பாங்களாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனம் ஒரே இரவில் மாறிவிடுமா?

மகள் அவர் முன்னால் வந்து நின்றாள். "ஒண்ணு சொல்லணும். நேத்து நீங்க அழுத்தின ரூம் ஒரு ஆளுக்குத்தான்."

"என்னது?"

"போன வாரமே பார்த்து வெச்சது. அப்போ ஒரு ஆளுக்குத்தான் பார்த்தேன்."

எழுத்து எழுத்தாகப் படித்து ஊர் ஊராகச் சந்தேகப்பட்டவர், வாழ்க்கையில் முதல் தடவையாக முழுதும் படிக்காமல் பதிவு செய்த அறையில், அவரே இல்லை. பெரியவர்கூடச் சிரிக்க மறந்துவிட்டார். மாப்பிள்ளை, ஒரு ஷூவோடு, தன் கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"இன்னொரு ஆளைச் சேர்க்கலாமா அதுல?"

"சேர்க்கலாம். கட்டில் சின்னது. ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியாது. படிக்கட்டு செங்குத்தா இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"குடு."

அவளுடைய கைப்பேசியை வாங்கினார், அழுத்தினார், திருப்பிக் கொடுத்தார். மற்ற ஷூவின் கயிற்றைக் கட்ட அவருக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது.

"புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குக் கட்டில் பெருசா எதுக்கு?" என்றார் பெரியவர்.

"அப்பா!" என்றாள் மகள். இப்போது சிரித்தாள். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, பெரியவரைக் கூடத்தில் இன்னும் ஒரு சுற்று நடக்க வைத்தேன்.

நீங்கள் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை நினைத்துத்தான் சிரித்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். இதைப் படிக்க உட்காரும் முன் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தீர்களா? படிக்கலாமா வேண்டாமா என்று யாரையாவது கேட்டீர்களா? போகட்டும், அதெல்லாம் பெரிய குற்றமில்லை. எழுந்து போய் ஒன்றே ஒன்று பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது, கொஞ்ச நாளாகச் சத்தம் போடாமல், ஒரு ஆளுக்கு மட்டும் அறை தேடிக்கொண்டிருக்கிறார்களா?