முப்பத்தாறாவது வாரம்

விமான தூரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உலகத்தில் எந்த இரண்டு ஊரின் பெயரைத் தவறி உச்சரித்தாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் எத்தனை நிமிடம் என்று, நீங்கள் கேட்காமலேயே, காப்பி உங்கள் வாயில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வார். அந்த ஊர்களுக்கு அவர் போனதில்லை. எதற்குப் போக வேண்டும்? தூரம்தான் தெரியுமே.

நார்வேயில், ஹாமர் நகரத்து ஒட்வார் இந்த இனத்தில் முதல் தரம். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் இங்குன் உலகத்தின் மறுகோடியில், ஆக்லாந்தில் இருக்கிறாள். ஜனவரியில் அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்குக் குழந்தை பொறக்கப் போகுது. அவரு கப்பல்ல போயிருப்பாரு. அம்மாவும் இல்ல. முப்பத்தாறாவது வாரம் வந்துடுங்கப்பா. பயமா இருக்கு."

"வராம? ஆஸ்லோவிலேருந்து நேர்க்கோட்டுல பதினேழாயிரத்து இருநூறு கிலோமீட்டர்மா. இறங்கி ஏறறது எல்லாம் சேத்து இருபத்தாறு மணி நேரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உன் ஊர்ல இறங்கிடுவேன்."

நார்வேக்காரர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். பள்ளி விடுமுறை, பல் பிடுங்குவது, கல்யாணம் எல்லாமே வருடத்தின் இத்தனையாவது வாரம் என்றுதான் பேச்சு. ஒட்வாரும் நாட்காட்டியில் முப்பத்தாறாவது வாரத்தை, அதாவது செப்டம்பர் தொடக்கத்தை, சிவப்பால் வளைத்து டிக்கெட் வாங்கிவிட்டார். பிறகு நான்கு மாதம் ஊரையே ஒரு வழி பண்ணினார். பல் மருத்துவர் வாயில் கருவியை வைத்திருந்தபோதும் ஓய்ந்தாரில்லை. ஞாயிறுதோறும் மகளிடமும் அதே பாட்டு. பாவம், அவள் எங்கே வாய் திறப்பது?

மே மாதம், ஒரு செவ்வாய்க் காலை. பக்கத்து வீட்டுத் துரிட் சுட்டுக் கொண்டுவந்த வாஃபிளில் ஒட்வார் பழுப்புச் சீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எங்க இருக்கீங்க? ஒரு மணி நேரமா ஏர்போர்ட்ல நிக்கறேன். எல்லாரும் வெளியில வந்துட்டாங்க."

"ஏம்மா, இது இருபதாவது வாரம்தானே?"



"அது வருஷத்துக்கு. எனக்கு இது முப்பத்தாறுப்பா."

துரிட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அட மனுஷா, புள்ளத்தாச்சி வாரம் சொன்னா அது கர்ப்பத்தோட கணக்கு, காலண்டரையா பாப்பாங்க? எப்ப பொறக்கும்னு அவள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நான்கு மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது இப்போதுதான் அவருக்கே உறைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்பா, வலி மாதிரி இருக்கு."

"இப்பவே கிளம்பினா, இருபத்தாறு மணி நேரத்துல..."

"வேண்டாம்ப்பா. கணக்கு வேண்டாம். சும்மா எதாவது பேசிக்கிட்டு இருங்க, போதும்."

ஒட்வார் வாயைத் திறந்தார். கணக்கைத் தள்ளிவிட்டால் அவரிடம் மகளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. துரிட் அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். "இங்குன், நான் துரிட் பேசறேன். உக்காந்திருக்கியா கண்ணு? பக்கத்துல யாரு இருக்கா?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்களையும் தூரத்திலிருந்து யாரோ வாங்க என்று கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் முதலில் விசாரித்தது டிக்கெட்டையா, அவர்களையா? நிதானமாக யோசியுங்கள். அதுவரைக்கும் ஃபோனை இப்படிக் கொடுங்கள், நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.